பெருமாள் ஏறிய வால்வு மூடி

வாஞ்சிநாதனுக்கு வெளியிலிருந்து எதிரி வேண்டாம். சொந்த வாயே போதும். கை, கால், கண் எல்லாம் அவன் சொன்னபடி கேட்கும். வாய் மட்டும் தனி சர்க்கார் நடத்தியது. கல்கத்தாவில் கிளைவ் தெருவில் சணல் வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவன் டைப்பிஸ்ட். பூஜை விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், அவனை யாரும் ஒன்றும் கேட்காதபோது, அந்த வாய் தானாகத் திறந்து, "நானே ஆத்துக்கு எடுத்துண்டு போய்க் கண்ணாடியாட்டம் தேச்சுக் கொண்டு வந்துடறேன், சார்" என்று சொல்லிவிட்டது.

சொன்னது மேலதிகாரி ஸ்ரீனிவாசராகவனிடம். தேய்க்க வேண்டியது அவருடைய மோட்டார் வண்டியின் வால்வு மூடியை.

வால்வு மூடி என்றால் என்ன என்று அந்த நிமிஷத்தில் வாஞ்சிநாதனுக்கே தெரியாது. ஆகவே தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். என்ஜினின் உச்சந்தலையில் வால்வுகள் என்று சில உருப்படிகள் ஓயாமல் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருக்கும். அங்கே ஊறும் எண்ணெய் ஊரெல்லாம் தெறிக்காமல் இருக்க, அவற்றின் மேல் நீளமாக ஒரு மூடியைக் கவிழ்த்துத் திருகி வைத்திருப்பார்கள். கழற்றி நிமிர்த்தினால் படகு மாதிரி இருக்கும். ஸ்ரீனிவாசராகவனின் வண்டியில் இருந்தது அலுமினிய வார்ப்பு. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து அவர் வண்டியை வாங்கும்போதே அது கரிச்சட்டியாகத்தான் இருந்தது.

பானெட்டுக்குள் கிடக்கும் மூடி கறுப்பாக இருந்தால் என்ன, சிவப்பாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். கம்பெனியின் பெரிய துரைக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் வண்டியைக் கண்டாலும், கை குலுக்குவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பார்ப்பார். மனுஷனை அவன் என்ஜினை வைத்து எடை போடுகிறவர். அப்படித்தான் ஸ்ரீனிவாசராகவனின் வண்டியையும் திறந்து பார்த்து, "இதில் சமையல் செய்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். மனுஷர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. துர்காஷ்டமியன்று அலிப்பூர் பங்களாவுக்குத் தேநீருக்கு வரும்படி பெரிய துரை அழைத்திருந்தார். அதற்குள் மூடி பளபளத்தாக வேண்டும். ஹவுராப் பட்டறைக்காரர்களோ பூஜைக்காகப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இதை அவர் தலைமை குமாஸ்தாவிடம் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து மேஜையிலிருந்து நம் ஆசாமியின் வாய் திறந்தது. சும்மா திறக்கவில்லை. ரங்கூன் கிளைக்கு ஒரு டைப்பிஸ்டை அனுப்ப வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. யாரை அனுப்புவது என்பது ஸ்ரீனிவாசராகவன் கையில் இருந்தது. பூஜை விடுமுறை முடிந்ததும் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

ரங்கூன் பேச்சை வாஞ்சிநாதன் வீட்டில் எடுக்கவே இல்லை. எப்படி எடுப்பான்? அவன் மனைவி ராஜலக்ஷ்மி, ஹவுரா ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் குதிரை வண்டி மிதவைப் பாலத்தில் ஏறினாலே கண்ணை இறுக மூடிக்கொண்டு "ராமா, ராமா" என்பவள். கங்கைக்கே இந்தக் கதி என்றால் கடலுக்கு என்ன ஆவாள்! அதோடு அவள் பவானிபூரில் நன்றாக வேர் விட்டிருந்தாள். கீழ்வீட்டுக்கார போஸ் அம்மாளைச் சித்தி முறையில் மாஷிமா என்று கூப்பிட்டுக்கொண்டு, வங்காளியில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசக் கற்றுக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு பொம்மையாகச் சேர்த்துத் தன் கொலுவுக்குப் படி கூட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பிடுங்கிக் கப்பலில் ஏற்றினால் அழாமல் இருப்பாளா? அவள் அழுதால் அவனால் தாங்க முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

டிரைவர் மூடியைக் கழற்றிக் கோணியில் சுற்றிக் கொடுத்தான். ட்ராமில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் ஒரு வேஷ்டி போயிற்று. மேலதிகாரியின் வண்டிப் பாத்திரத்தைத் தேய்க்கிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்ல அவனுக்கு மானம் இடம் தரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்லப் போனால் ரங்கூன் வந்து நிற்கும். ஆகவே, "ஆபீஸ் வேலை. மாடியில காத்தா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினான். டைப்பிஸ்டுக்கு மொட்டை மாடியில் என்ன ஆபீஸ் வேலை என்று ராஜலக்ஷ்மி கேட்கவில்லை. கேட்காதது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. மனைவி கேட்காமல் இருந்தால் நிம்மதிப்படுகிறவன் அனுபவம் போதாதவன்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவைச் சோடாதான் மருந்து என்று யாரோ சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. கொதிக்கிற வெந்நீரில் சோடாவைத் தாராளமாக அள்ளிப் போட்டு, மூடியை முக்கி வைத்தான். பிசுக்குப் போயிற்று. கூடவே அலுமினியத்தின் நிறமும் போயிற்று. இரும்புக்கு ஆகிறது அலுமினியத்துக்கு ஆகாது என்பது சோடாவுக்குத் தெரிந்திருந்தது, இவனுக்குத் தெரியவில்லை. முன்னே கரிச்சட்டியாக இருந்தது இப்போது காக்கையாக வெளியே வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததே என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கப்பலின் சங்கு அவன் காதில் ஊதியது.

கீழே குழாயடியில் ராஜலக்ஷ்மி நவராத்திரிக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாடிக் கைப்பிடிச் சுவர் வழியாக அதைப் பார்த்தான். வெண்கலத்துக்கு ஆகிற புளி இதற்கு ஆகாதா? ஆகாவிட்டால்தான் என்ன, இதற்கு மேல் கறுக்க இடம் இல்லை. சமையலறைக்குள் பூனை மாதிரி நுழைந்து ஒரு உருண்டை புளியோடு திரும்பினான். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு விட்டுக்கொடுத்தது. இன்னொரு உருண்டை எடுத்து வந்தான். புளிப்பானை பாதிக்கு இறங்கியபோது மூடி பழைய வெள்ளைக்கு வந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. வார்ப்பில் இருந்த மேடுபள்ளங்களை அரத்தால் ராவினான். கரடுமுரடான உப்புத்தாளை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரே திசையில் தேய்த்தான். பிறகு கொஞ்சம் மெல்லிய தாளால் குறுக்கே தேய்த்தான். முதல் கீறல்கள் மறைகிற வரைக்கும் விடக்கூடாது. பிறகு அதைவிட மெல்லிய தாள். அவசரப்பட்டு ஒரு தாளைத் தாண்டிப் போனால், பளபளப்பு வந்த பிறகு பழைய கீறல் வெயிலில் பல்லைக் காட்டும். ஒரு தரம் அப்படிக் காட்டியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். பெரிய துரை எந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாரோ என்ற பயத்தில் உள்பக்கத்தையும் விட்டு வைக்கவில்லை. கடைசியில் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தொட்டு, கல்கத்தாக் குளிருக்கென்று ஆசையாக வாங்கிய கம்பளி மப்ளரால் மெருகேற்றினான். மப்ளர் தியாகியாயிற்று. மூடியில் அவன் முகம் தெரிந்தது, கொஞ்சம் அகலமாக.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டு மாஷிமா உளுந்து வடகம் காயப்போட மாடிக்கு வந்தாள். வெயிலில் மின்னிய உருப்படியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"கீ ஹொச்சே, பாபா?" என்று கேட்டாள். என்ன நடக்கிறது அப்பா என்று அர்த்தம். வாஞ்சிநாதன் பதில் தேடுவதற்குள் அவளே பதிலைக் கண்டுபிடித்துக் கையைத் தட்டினாள். "ஓ மா! நௌகோ!" நௌகோ என்றால் படகு. துர்கா தேவி ஒவ்வொரு வருஷமும் ஒரு வாகனத்தில் வருவாள். ஒரு வருஷம் யானையில், ஒரு வருஷம் பல்லக்கில். அந்த வருஷம் படகில் வருகிறாள் என்று பஞ்சாங்கம் சொல்லியிருந்தது. அம்பாளுக்குத்தான் மதராஸிப் பிள்ளை படகு செய்கிறான் என்று மாஷிமா முடிவு கட்டிவிட்டாள். அவன் வாயும் உடனே, "ஹாம், மாஷிமா" என்று ஒத்து ஊதியது. ஆபத்து நீங்கியது என்று அவன் நினைத்தான்.

மகாளய அமாவாசைக்கு முதல் நாள் வேலை முடிந்தது. எங்கே ஒளித்து வைப்பது? சலவை வேஷ்டியில் சுற்றி, பரண் மேலிருந்த கொலுப் பொம்மைப் பெட்டியின் தலையில் வைத்தான். அந்தப் பெட்டியை யாரும் கிட்டப் போய்க்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அதை இறக்குவார்கள். அது மறுநாள்.

அமாவாசையன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். கூடத்தில் கொலுப்படி எழும்பியிருந்தது. படிக்கு முன்னால் தரையில் மணல் பரப்பி, கடுகு விதைத்துத் தோட்டம் போட்டிருந்தாள். தோட்டத்துக்கு நடுவில், மணலில் பாதி புதைந்து, அகல் விளக்கின் வெளிச்சமெல்லாம் தன் மேல் விழும்படி, ஸ்ரீனிவாசராகவனின் வால்வு மூடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அடியில் இருந்த துளைகளையெல்லாம் அரக்கு வைத்து அடைத்திருந்தாள். உள்ளே தண்ணீர். தண்ணீரில் இரண்டு மண் வாத்து. நடுவில் வாழைப்பட்டைத் தெப்பத்தில் பெருமாளும் தாயாரும் மிதந்துகொண்டிருந்தார்கள்.

"ஏன்னா, எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுண்டேளா?" என்று பின்னாலிருந்து ராஜலக்ஷ்மியின் குரல் வந்தது.

"எ... என்ன தெரியாது?"

"மாஷிமா அன்னிக்கே வந்து சொல்லிட்டா, உன் ஆம்படையான் அம்பாளுக்குப் படகு பண்றான்னு. புளிப்பானை காலியாறச்சேயே எனக்குச் சந்தேகம்தான். படகு இல்லை, தெப்பக்குளம்னு அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தானே தெரியும். எத்தனை வருஷமா ஒரு தெப்பக்குளம் வேணும், தெப்பக்குளம் வேணும்னு உங்க பிராணனை வாங்கிண்டிருந்தேன்!" என்றவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படி ஒளிச்சுப் பண்ணி, பொம்மைப் பெட்டி மேலேயே கொண்டு வெச்சிருக்கேளே. எனக்கு இந்த மாதிரி யாரும் ஒண்ணும் பண்ணினதே இல்லைன்னா."

திறக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை. வாஞ்சிநாதன் இருதலைக் கொள்ளி எறும்பானான். உண்மையைச் சொன்னால் இவள் முகம் வாடும். சொல்லாவிட்டால் கப்பல். சொல்லியும் பயனில்லை, வைத்த கொலுவை விஜயதசமிக்கு முன்னால் அசைக்கக் கூடாது. தசமி இரவு ஒரு பொம்மையைச் சாய்த்துப் படுக்க வைத்த பிறகுதான் மற்றதில் கை வைக்கலாம். அஷ்டமியோ அதற்கு முன்னால் வந்துவிடும். "நன்னாயிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கால் அலம்பப் போனான்.

பஞ்சமியன்று, வெற்றிலை பாக்குக்கு வந்த பெண்களோடு ஸ்ரீனிவாசராகவனின் மனைவி ஜெயலக்ஷ்மியும் வந்தாள். ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்த வாஞ்சிநாதன் வாசற்கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டான். புருஷனுடைய வண்டியில் தினம் போகிறவள் ஆனாலும், பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஏன் தெரிய வேண்டும்?

"ராஜம், இந்தத் தெப்பக்குளம் எங்கே வாங்கினது? சௌரங்கிக் கடையிலேயா?"

"வாங்கலை மாமி. இவர் பண்ணினது. மாடியில உக்காந்துண்டு, எனக்குக்கூடத் தெரியாம, ராவித் தேச்சு..."

"அடி சமத்து! எங்காத்திலேயும் ஒருத்தர் இருக்காரே. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு மண் கிளி வாங்கிண்டு வந்ததில்லை. பொழுது விடிஞ்சா அந்த மோட்டாரைத்தான் கொஞ்சறார்." இதைச் சொல்லிவிட்டு ஜெயலக்ஷ்மி குளத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோடியில் ஒரு கீர்த்தனையை எடுத்துப் பெருமாளைக் குளிரப் பாடினாள். கதவுக்குப் பின்னால் வாஞ்சிநாதனுக்கு வியர்த்தது.

மறுநாள் ஸ்ரீனிவாசராகவன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கண் சிவந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் புடிச்சு எனக்கு ஆத்துல சஹஸ்ரநாம அர்ச்சனை நடக்கறது, ஓய். வாஞ்சிநாதன்னா ஆம்பிளை, நான்னா சோத்துப் பானை. நீர் உம்ம ஆம்படையாளுக்கு ஏதோ தெப்பக்குளம் பண்ணிக் குடுத்தீராமே?"

"ஆமாம், சார்."

"படகாட்டம் நீளமா இருக்குமாம். வெள்ளி மாதிரி மின்னறதாம். ஓய், அது யாரோட குளம்?"

"உங்களோடதுதான், சார்."

"தண்ணி ஊத்தியிருக்கோ?"

"நாலு விரக்கடை, சார். வாத்துகூட இருக்கு."

ஸ்ரீனிவாசராகவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வாத்து என்ற சொல்தான் அவரை அதிகமாகப் பாதித்தது போலிருந்தது. சாயங்காலம் தானே நேரில் வந்து எடுத்துக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார்.

வந்தார். கொலு பார்க்க வந்ததாகப் பேர். குளத்தை ஒரு பார்வை பார்த்ததும் அவர் முகம் கல்யாணக் கூட்டத்தில் தன் குடையை வேறொருவன் கையில் கண்டவன் முகம் மாதிரி ஆயிற்று. வாஞ்சிநாதன் காதருகே குனிந்து, "எடும்" என்றார்.

"சார், பெருமாள் எழுந்தருளியிருக்கார்."

ஸ்ரீனிவாசராகவன் மறுபடி பார்த்தார். பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு, தாயாரை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, பெருமாள் அவர் வால்வு மூடியில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி அவர் பக்கம் திரும்பினார். ஸ்ரீனிவாசராகவன் நெற்றியிலும் அதே நாமம். சூடான என்ஜின் மேல் உட்கார வேண்டிய தட்டில் பெருமாளைக் கண்டு கும்பிடுவதா, கண்ணை மூடிக்கொள்வதா என்று அவருக்குப் புரியவில்லை.

"தெப்ப உத்சவம் நடந்துண்டிருக்கறச்சே ஸ்வாமியைத் தூக்கிக் கீழே வைக்க உமக்குத் தைரியம் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை, சார்."

"எனக்கும் இல்லை, ஓய்."

அந்தச் சமயம் ராஜலக்ஷ்மி இலைக்கிண்ணத்தில் சுண்டலைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்துவிட்டு நமஸ்காரம் பண்ணினாள். "நீங்க இவரை ஆபீஸ்ல மனசு நோகாம வெச்சுண்டிருக்கேள். அதான் இவருக்கு இதெல்லாம் பண்ணணும்னு தோணியிருக்கு" என்றாள். ஸ்ரீனிவாசராகவன் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார். இல்லாவிட்டால் ஏதாவது பேசியாக வேண்டியிருந்திருக்கும். படி இறங்கும்போது மட்டும் திரும்பிச் சொன்னார்: "அஷ்டமிக்கு நீரும் என்னோட வண்டியில வரணும். மூடி வராட்டா, மூடியைக் குளமாக்கினவன் வரட்டும்."

அஷ்டமியன்று மூடியில்லாத என்ஜினோடு வண்டி அலிப்பூருக்குப் புறப்பட்டது. பவானிபூர் முழுக்க டாக் என்னும் பெரிய மேளத்தின் முழக்கமாக இருந்தது. பந்தலுக்குப் பந்தல் சாம்பிராணிப் புகை. அந்தப் புகையில் இவர்கள் புகை யாருக்கும் தெரியவில்லை. கால்வாய்ப் பாலம் தாண்டி அமைதியான தெருவுக்குள் போனதும் தெரிந்தது. வால்வுகள் குதித்த குதிப்பில் எண்ணெய் தெறித்து, சூடான குழாயில் விழுந்து, பானெட்டின் இடுக்கெல்லாம் நீலப்புகை வந்தது. டிரைவர் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்ததால் ஸ்ரீனிவாசராகவனே, புது சில்க் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை எல்லாம் போட்டுக்கொண்டு சிலை மாதிரி ஓட்டினார்.

பெரிய துரை வாசலிலேயே நின்றிருந்தார். புகை விடுகிற வண்டியைக் கண்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. என்ஜினை நிறுத்தவும் விடாமல் ஓடி வந்து பானெட்டைத் தூக்கினார். ஸ்ரீனிவாசராகவன் "சார், சார்" என்று பின்னாலேயே ஓடினார். என்ஜின் இருவருக்கும் பாரபட்சமில்லாமல் ஆசீர்வாதம் பண்ணியது. துரையின் வெள்ளை சூட்டில் எண்ணெய், ஸ்ரீனிவாசராகவனின் சில்க் கோட்டில் எண்ணெய், இருவர் மூக்கிலும் எண்ணெய்.

"மூடி எங்கே?" என்று துரை கர்ஜித்தார்.

ஸ்ரீனிவாசராகவன் தலைப்பாகை நுனியால் மூக்கைத் துடைக்கப் போனார். அப்போது, யாரும் கேட்காமலே, வாஞ்சிநாதனின் வாய் திறந்தது. "லீவில் போயிருக்கிறது, சார். மத சம்பந்தமான லீவு. தசமி முடிந்து திரும்பிவிடும்" என்று சுத்தமான இங்கிலீஷில் சொன்னது.

துரை தன் மூக்கிலிருந்த எண்ணெயை விரலால் வழித்துப் பார்த்தார். பிறகு பெரிய துரை சிரிக்க ஆரம்பித்தார். முகத்தைத் துடைத்தார், சிரித்தார். பின்கட்டு வேலைக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி சிரித்தார். இந்தியாவில் எல்லாருக்கும் பூஜை லீவு உண்டு என்று தெரியும், வால்வு மூடிக்கும் உண்டு என்று தெரியாது என்று வந்த விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஸ்ரீனிவாசராகவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. திரும்பி வருகிற வழியில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "ரங்கூன் கப்பல்ல கீழ்த்தட்டுல கருவாட்டு வாடை வருமாம், ஓய்."

அன்றிலிருந்து தசமி வரை வாஞ்சிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. ராஜலக்ஷ்மி தினம் குளத்துத் தண்ணீரை மாற்றும்போதெல்லாம் பாடிக்கொண்டே மாற்றினாள். பாட்டு ஆரம்பித்ததும் அவன் மாடிக்கு ஏறிவிடுவான்.

தசமி இரவு பொம்மையைச் சாய்த்து வைத்தார்கள். மறுநாள் காலையில், "ஒரு சிநேகிதருக்குக் காட்டிட்டு வரேன்" என்று பொய் சொல்லி, அரக்கைச் சுரண்டி, மூடியைத் துடைத்து, புது வேஷ்டியில் சுற்றிக்கொண்டு ஸ்ரீனிவாசராகவன் வீட்டுக்குப் போனான். அவர் ஈசிசேரில் சாய்ந்திருந்தார். மூடியை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். உள்ளேயும் முகம் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அவர் கோபம் கொஞ்சம் வழுக்கியது.

"உம்ம பேரைத்தான் ரங்கூனுக்கு எழுதி வெச்சிருந்தேன்" என்றார்.

வாஞ்சிநாதன் மூடி சுற்றி வந்த வேஷ்டியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"நேத்து கிழிச்சுப் போட்டுட்டேன். நானா கிழிக்கலை. இவ கிழிக்கச் சொன்னா. 'அந்த வாஞ்சிநாதன் போயிட்டா, அடுத்த வருஷம் எனக்கு யார் தெப்பக்குளம் தேச்சுக் குடுப்பா'ங்கறா. பகவானே, எந்தக் குளம்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, ஓய். எண்ணெயான சில்க் கோட்டைப் பார்த்துட்டு ஒவ்வொண்ணா கேட்டுக் கறந்துட்டா. இந்த மூடி இனிமே நவராத்திரிக்கு எங்காத்துக் கொலுவுலதான் இருக்கணுமாம்." அவர் மூடியை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "ரங்கூனுக்கு நம்ம இன்னொரு டைப்பிஸ்ட் நடராஜன் போறான். பிரம்மசாரி. அவன் அக்கா அங்கேதான் இருக்கா. என்னைக் கேட்டுண்டே இருந்தான். நான்தான் காதுல போட்டுக்கலை."

வாஞ்சிநாதன் வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தான். சந்தோஷம் வந்தால் மனுஷனுக்கு முதலில் போவது புத்தி. கூடத்தில் பொம்மைகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த ராஜலக்ஷ்மியின் எதிரே உட்கார்ந்தான். அந்த வாய் மறுபடியும் தானாகத் திறந்தது. ரங்கூன் வந்ததும் போனதும், கரிச்சட்டியும் பெரிய துரையும், எண்ணெய் அபிஷேகமும், எல்லாம் ஒன்று விடாமல் கொட்டியது. சொல்லி முடித்துவிட்டு அவளும் சிரிப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தான்.

ராஜலக்ஷ்மி கையிலிருந்த பெருமாளைக் கீழே வைத்தாள்.

"அப்போ எனக்காகப் பண்ணலையா?" என்று கேட்டாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. எழுந்து உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். மறுநாள் ரசத்தில் புளியே இல்லை. கேட்டதற்கு, "புளி ஆபீஸ் வேலைக்கு வேணுமே" என்றாள். அவ்வளவுதான் அவள் அதைப்பற்றிப் பேசியது. ரங்கூனுக்குப் போயிருந்தால் இதைவிடச் சுகமாக இருந்திருக்குமோ என்று வாஞ்சிநாதன் யோசித்தான். பொய்யாக ஒரு சந்தோஷத்தை அவளுக்குக் கொடுத்து மறுபடி பிடுங்கிக்கொண்டவன் தான்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. அது மப்ளரைப் போல விட்டுவிடக்கூடிய நஷ்டமாக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிதவைப் பாலத்தைத் தாண்டி ஹவுராவுக்குப் போய், பழைய இரும்புக் கடைகளைச் சல்லடை போட்டுத் துழாவினான். எந்தப் புண்ணியவானின் வண்டியிலிருந்து கழன்றதோ, ஒரு மூலையில் விரிசல் விட்ட, கொஞ்சம் கோணலான ஒரு வால்வு மூடி கிடைத்தது. அதைக் கோணியில் சுற்றாமல், வெளிப்படையாகத் தோளில் வைத்துக்கொண்டு, ராஜலக்ஷ்மியின் முன்னாலேயே மாடிக்கு ஏறினான். ராஜலக்ஷ்மி பார்த்தாள், முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க மப்ளர் இல்லாத கழுத்தோடு, ஞாயிறுதோறும் மாடியில் உட்கார்ந்து தேய்த்தான். ஒரு ஞாயிறு அவள் காப்பியோடு மேலே வந்து, தம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூடவே ஒரு உருண்டை புளியையும் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நவராத்திரிக்கு ஸ்ரீனிவாசராகவனின் மோட்டார் வண்டி வாயைப் பிளந்துகொண்டு ஷெட்டில் நின்றது. அதன் மூடி அவர் வீட்டுக் கொலுவில் வாத்துகளோடு தண்ணீரில் கிடந்தது. மனுஷர் ட்ராமில் பிதுங்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். மாடிப்படியில் அவரைக் கண்டதும் பெரிய துரை, "மறுபடியும் லீவா?" என்று கேட்டார்.

பஞ்சமியன்று ஜெயலக்ஷ்மி, தன் வீட்டுக் குளத்தின் பெருமை முகத்தில் வழிய, ராஜலக்ஷ்மியின் கொலுவைப் பார்க்க வந்தாள். மணல் தோட்டத்தின் நடுவே இருந்த புதுத் தெப்பக்குளத்தைக் குனிந்து பார்த்தாள். ஒரு மூலையில் விரிசல் வழியாகத் தண்ணீர் கசிந்து மணல் ஈரமாகியிருந்தது. பெருமாள் கொஞ்சம் சாய்வாகவே மிதந்தார்.

"ஏண்டி ராஜம், இது கோணலா இருக்கே. போன வருஷத்தது போல பளபளப்பும் இல்லை."

"போன வருஷத்தது மோட்டாருக்குப் பண்ணினது, மாமி" என்றாள் ராஜலக்ஷ்மி. "இது எனக்குப் பண்ணினது."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த வாஞ்சிநாதன் வாயைத் திறக்கவில்லை.